புஸ்வாணப் பெட்டியில் கடலடி

கப்பல் வேலை முடிந்து நான் ஊருக்கு வந்தபோது, விருதுநகர் ஜங்ஷனில் என்னை அழைத்துப்போக மாமா வந்திருந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கும் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். மாசக்கணக்கில் இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருந்துவிட்டு வருகிற மருமகள் வெறுங்கையோடு வரமாட்டாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. என் பையை வாங்கியதும் அவர் தோள் ஒரு பக்கமாக இறங்கியது. முகம் மலர்ந்தது.

"என்னத்தா, இம்புட்டுக் கனமா இருக்கு?"

"கல்லு மாமா."

"வைரமா?"

"இல்ல மாமா. கடலுக்கு அடியில துளை போட்டு எடுத்த கல்லு. கேப்ரோன்னு பேரு. ஆராய்ச்சிக்கு வேண்டாம்னு ஒதுக்குன துண்டு. வீட்டுல காட்டலாம்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

மாமா பையை நடைமேடையில் இறக்கி வைத்தார். "ஆராய்ச்சிக்கே வேண்டாம்னு தூக்கிப் போட்டதையா ரயிலேத்திக் கொண்டாந்திருக்க?" என்றார். அதற்குப் பிறகு பையை நான்தான் தூக்கினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் பரோட்டா சாப்பிடப் போனோம். விருதுநகரில் இறங்கிவிட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் போனால் மாமாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. இலையைப் போட்டதும்தான், நான் கடலில் என்ன செய்தேன் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் என் வேலையைப் பற்றி ஒருவர் தானாக முன்வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் பசியை மறந்து சொல்ல ஆரம்பித்தேன்.

"கடலுக்கு நடுவுல, தண்ணிக்குள்ள, நீளமா ஒரு மலைத்தொடர் ஓடுது மாமா. அதோட முகட்டுல பூமியோட ஓடு ரெண்டாப் பிரிஞ்சு விலகிக்கிட்டே இருக்கு."

"எம்புட்டு வேகத்துல?"

"நகம் வளர்ற வேகத்துல."

மாமா தன் கட்டைவிரல் நகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "இதுக்கா கப்பல்ல போயி உக்காந்திருந்த? நம்ம வீட்டுலயே உக்காந்து பாத்திருக்கலாமே."

நான் விடவில்லை. ஓடு விலகுகிற இடத்தில் கீழேயிருந்து சூடான பாறை மேலேறி வருவதையும், ஏற ஏற அதன் மேல் இருக்கிற அழுத்தம் குறைவதால் அது கொஞ்சம் உருகுவதையும், அந்த உருகின குழம்புதான் மேலே வந்து புதுக் கடல்தரையாக மாறுவதையும் சொன்னேன். "அந்தக் குழம்புல ஒரு பங்கு கடல் அடியில எரிமலையாக் கக்கும்" என்றதும் மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"கக்குமா? என்ன கலரு?"

"சிவப்பு. ஆனா தண்ணி பட்டதும் கருத்துரும். நான் பாக்குறது அதை இல்ல மாமா. குழம்புல பெரும்பங்கு வெளியவே வராது. கீழயே தங்கி, மெதுவா ஆறி, படிகம் படிகமா உறைஞ்சு கல்லாயிரும். கடலடி ஓட்டோட கீழ்ப்பகுதி முழுக்க அதுதான். என் பையில இருக்கறதும் அதுதான்."

"வெளியவே வராதா?"

"வராது."

"வெடிக்காதா?"

"வெடிக்காது மாமா."

மாமா என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். ஒரு பரோட்டாவை எடுத்து என் இலையில் வைத்தார். "அப்ப அது நமத்துப்போன சரக்கு. இம்புட்டுப் படிக்க வச்சு, கடைசியில நமத்துப்போன சரக்கைப் பாக்கவா உன்னைய அனுப்பிவச்சாக?"

பட்டாசு ஊரில் ஒரு பொருளைப் பற்றி அதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நமது பூமியின் மேல்தோலில் பாதிக்கு மேல் கடலடி ஓடுதான், அந்த ஓட்டிலும் பெரும்பகுதி இந்த வெடிக்காத கல்தான் என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் தன் இலைக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கல்லை அம்மாவிடம் கொடுத்தேன். கரும்பச்சையில் வெள்ளைப் புள்ளி போட்ட அழகான கல். அம்மா தண்ணீரில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மறுநாள் காலையில் அது கிரைண்டரின் ஒரு காலுக்கு அடியில் இருந்தது. அது ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த கிரைண்டராம். என் கல் வந்த பிறகுதான் மாவு ஒரு சீராக அரைபடுகிறதாம்.

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். அங்கே அவர் பார்க்கிற வேலையின் பெரும்பகுதி, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. அதனால் எதுவும் நடக்காத என் கல்லை வீட்டில் மதித்தவர் அவர் ஒருவர்தான். "வெடிக்காதா? நல்ல கல்லு" என்றார்.

அந்த வாரத்தில் ஒருநாள் நான் போனில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பதை மாமா கேட்டுவிட்டார். மறுமுனையில் இருந்தவர் வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே தெரியாதவர். நானும் அவரும் எந்தக் கூட்டத்தில் சந்தித்தாலும் சண்டைதான். போனை வைத்ததும் மாமா கேட்டார்:

"யாருத்தா அந்தாளு? உன்னைய என்ன சொன்னாரு?"

"கல்லு எப்படி ஆறுச்சுங்கறதுல சண்டை மாமா."

"கல்லு ஆறுனதுக்குச் சண்டையா?"

நாங்கள் சண்டை போடும் விஷயம் உண்மையில் சின்னதல்ல. பேராசிரியர் கட்சி இது: முகட்டுக்குக் கீழே, கடல்தரையிலிருந்து கொஞ்ச ஆழத்தில், தட்டையாக ஒரு குழம்புக் குட்டை இருக்கிறது. அதில்தான் படிகங்கள் உண்டாகின்றன. உண்டான படிகங்கள் கனத்தால் கீழே படிந்து, அப்படியே கூழாகக் கீழும் பக்கவாட்டிலும் வழிந்து போய் ஓட்டின் கீழ்ப்பகுதி ஆகின்றன. சூடெல்லாம் மேலே இருக்கிற குட்டை வழியாகவே கடலுக்குப் போய்விடுகிறது. என் கட்சி வேறு: குழம்பு கீழேயிருந்து வரும் வழியிலேயே, பல ஆழங்களில், தகடு தகடாகப் பாறைக்குள் நுழைந்து, நுழைந்த இடத்திலேயே உறைகிறது. அப்படியானால் அந்த ஆழத்துச் சூட்டை யார் வெளியே கொண்டுபோவது? விரிசல் வழியாகக் கடல்தண்ணீர் அவ்வளவு கீழே இறங்கி, சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வரவேண்டும். வருகிறது என்கிறேன் நான். அவ்வளவு ஆழம் வராது என்கிறார் அவர்.

எது சரி என்பதைக் கல்லிடமே கேட்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு படிகங்கள் சூடாக இருக்கும்வரை ஒன்றுக்கொன்று சில தனிமங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கும். ஆறியதும் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும். சீக்கிரம் ஆறினால் சீக்கிரம் நிற்கும். எந்த நிலையில் நின்றது என்று அளந்தால் எவ்வளவு வேகத்தில் ஆறியது என்று தெரிந்துவிடும். ஆழத்துக் கல்லும் வேகமாக ஆறியிருந்தால் என் தண்ணீர் அங்கே போயிருக்கிறது. ஆழம் போகப்போக ஆறும் வேகம் குறைந்துகொண்டே போனால் பேராசிரியருக்கு மாலை போடவேண்டியதுதான்.

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஆறிருச்சுல்ல? அப்புறம் யாரு ஊதுனா என்ன?"

மாமா மட்டும் கையில் இருந்த பழைய லேபிள் தாளைத் திருப்பிப் போட்டு, "எங்க, படமாப் போட்டுக் காட்டு" என்றார். நான் சிவப்புப் பேனாவும் நீலப் பேனாவும் வைத்து வரைந்தேன். அடியில் சிவப்பாக உருகும் இடம். அங்கேயிருந்து மேல்நோக்கி அம்புக்குறிகள். இடையிடையே தகடுகள். உச்சியில் நீலமாகக் கடல். என் வாழ்நாளில் நான் வரைந்த படங்களிலேயே தெளிவான படம் அது. மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "கலர் காம்பினேஷன் நல்லாருக்கு" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சொந்தக்காரர் ஒருவருக்கு அறிவியலில் ஆர்வம் வந்துவிட்டது என்று எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆடி முடிந்து, தீபாவளி சீசன் உச்சத்துக்கு வந்தபோது மறுபடி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் பிற்பகலில் பேராசிரியர் போன் செய்தார். மாணவர்களை ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல்லைக் காட்ட வேனில் கூட்டி வந்தாராம். திரும்பும் வழியில், சிவகாசிக்கு வருகிற எல்லோரையும் போல அவர்களும் பட்டாசுக் கடை முன்னால் வேனை நிறுத்தியிருக்கிறார்கள்.

"ஏம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க பட்டாசுத் தொழில்ல இறங்கிட்டீங்களா?"

"இல்லையே சார். ஏன்?"

"இங்க ஒரு புஸ்வாணப் பெட்டியில உங்க முகம் இருக்கு."

என் மாதிரி முகம் ஊரில் நிறைய உண்டு என்றேன். எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.

"ஆரஞ்சு கலர் கப்பல் உடுப்பு. தலையில ஹெல்மெட். பின்னாடி நம்ம துளையிடும் கோபுரம். கையில ஒரு ராக்கெட் பிடிச்சிருக்கீங்க. பேரு 'சமுத்திர ராணி'ன்னு போட்டிருக்கு."

ராக்கெட் இல்லை அது. துளையிட்டு எடுத்த நீளமான உருளைக் கல். கப்பலில் எடுத்த அந்தப் படத்தை நான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் போட்டிருந்தேன். அதற்குக் கீழே மாமா கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டிருந்ததும் ஞாபகம் வந்தது. கல்லுக்கு யாரோ தங்க நிறம் பூசி, பின்னால் ஒரு திரியும் வைத்திருக்கிறார்கள்.

"அதை விடுங்க" என்றார் பேராசிரியர். அவர் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு குழைவு இருந்தது. "உங்க படத்துக்குக் கீழ கடலடி ஓட்டோட குறுக்குவெட்டு வரைஞ்சிருக்கீங்க. மேல சிவப்பாக் குழம்புக் குட்டை. அங்கேருந்து அம்புக்குறி எல்லாம் கீழ்நோக்கிப் போகுது. கடல் மட்டும் எப்படியோ அடியில இருக்கு, அது போகட்டும். அம்புக்குறி என் கட்சி. ரொம்ப நன்றிம்மா. நீங்க மனசு மாறினதை என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாம்."

அடுத்த அரைமணி நேரத்தில் மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு புஸ்வாணப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி அழகாகத்தான் இருந்தது. அதில் இருந்த நான்தான் பார்க்கத் திகிலாக இருந்தேன். ஹெல்மெட்டுக்கு மேலே பொறி பறந்தது. உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள்.

"மாமா, என்னைக் கேக்காம என் படத்தைப் போட்டிருக்கீக."

"குழந்தைப் படம் போடுறோம், கிளிப் படம் போடுறோம், அதுகளைக் கேட்டுக்கிட்டா போடுறோம்? சரக்கு என்னமோ அதே புஸ்வாணந்தான். வருசாவருசம் கம்பெனிக்காரங்க புதுப் படம் கேக்குறாக. நான் எங்க போவேன்? நம்ம வீட்டுலயே ஒரு ராணி இருக்கயில."

"சரி மாமா, அதை விடுங்க. படத்தை ஏன் தலைகீழாப் போட்டீக?"

"எந்தப் படத்த?"

"நான் வரைஞ்ச படத்த. நெருப்பு கீழ இருந்துச்சு. நீங்க மேல வச்சிருக்கீக."

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ரொம்பச் சாதாரணமான ஒன்றை விளக்கவேண்டி வந்துவிட்டதே என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. "ஏத்தா, புஸ்வாணத்துல நெருப்பு எங்கன வரும்? மேலதான வரும்? நீ கீழ வச்சிருந்த. சரி, அவசரத்துல தப்பாப் போட்டுட்ட போலன்னு நாந்தான் திருப்பி வைக்கச் சொன்னேன். வெளிய யாருகிட்டயும் சொல்லல."

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், கடையில் வழி கேட்டுக்கொண்டு வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது.

பேராசிரியர் இறங்கினார். அவருக்குப் பின்னால் மாணவர்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் என் முகம் போட்ட ஒரு பெட்டி. அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இவுக எல்லாரும் சாப்பிட்டாகளா?" என்று கேட்டாள். நான் தெரியாது என்பதற்குள் அரிசிப் பானையைத் திறந்துவிட்டாள். வாசலுக்குப் போய், "வாங்கய்யா, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. உள்ள வந்து உக்காருங்க" என்றாள். மாமாவைச் சேவு வாங்கக் கடைக்கு ஓட்டினாள். அடுப்பில் எலுமிச்சைச் சாதம் தயாராவதற்குள் எங்கள் கூடம் நிறைந்து, ஆட்கள் மாடிப்படி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

சாப்பாட்டின்போது மாமாவும் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதுதான் நடக்கக்கூடாது என்று நான் பயந்தேன். மாமா பேராசிரியரிடம் கடலடி ஓடு எப்படி உண்டாகிறது என்று விளக்கினார்.

"மேல கக்கும் சார். கக்குனது போக மிச்சம் கீழ வடியும். கேசரி கிண்டி இறக்குனா நெய்யி வடியுமே, அந்த மாதிரி."

"அற்புதம்" என்றார் பேராசிரியர். "இவ்வளவு எளிமையா நான் சொன்னதே இல்லை."

"மாமா, நெய் மேலருந்து வடியுறதுக்கும் படிகம் படியுறதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். "இது பரோட்டா மாதிரி. அடுக்கு அடுக்கா."

"நீ பரோட்டாக் கடையில இதச் சொல்லலையே" என்றார் மாமா.

மாணவர்களில் ஒரு பெண், படிப்பாளி மாதிரி கண்ணாடி போட்டிருந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு யோசனை சொன்னாள். எரிந்து முடிந்த புஸ்வாணத்தின் குடுவைக்குள் கசடு சிவந்த சூடாகத் தங்கிவிடும். அது எப்படி ஆறுகிறது என்று அளந்து பார்த்தால் என்ன? தொடாமலே சூட்டை அளக்கும் கருவி அவள் பையில் இருந்தது. கடலடி ஓட்டுக்கும் புஸ்வாணக் கசடுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது அங்கே இருந்த படித்தவர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் வயிறு நிறைந்திருந்தது, கையில் பெட்டி இருந்தது, அந்திப் பொழுதும் நெருங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் புஸ்வாணங்களை வரிசையாக வைத்துக் கொளுத்தினோம். மாமா ஒவ்வொன்றும் பொங்கி அடங்கியதும் கைதட்டினார். எல்லாம் அடங்கிய பிறகுதான் வேலை ஆரம்பித்தது. நானும் பேராசிரியரும் ஆளுக்கொரு பக்கமாகக் குத்தவைத்து உட்கார்ந்தோம். அவருடைய வரிசையில், குடுவையின் வாயில் மட்டும் கை நனைத்துத் தண்ணீர் தெளிப்பது. என் வரிசையில், பக்கத்தில் ஒரு நீளக் கம்பியால் ஓட்டை போட்டு, உள்ளே தண்ணீர் போகவிடுவது. அந்தப் பெண் கருவியோடு நடுவில் நின்று ஒவ்வொன்றின் சூட்டையும் சத்தமாகச் சொன்னாள். முதலில் அவர் வரிசை ஆறியது. பிறகு என்னுடையது முந்தியது.

"நீங்க நிறையத் தண்ணி விடுறீங்க" என்றார் பேராசிரியர்.

"கடல்ல தண்ணிக்கா சார் பஞ்சம்?"

"விரிசல் அவ்வளவு பெருசா இருக்காது. நீங்க போட்டிருக்கறது விரிசல் இல்ல, கிணறு."

"நீங்க தெளிக்கறது கடல் இல்ல, பன்னீர்."

அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எரிஞ்ச குப்பையைச் சுத்தி உக்காந்துக்கிட்டு இதுக்கா இம்புட்டுப் படிச்சீக?" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விசில் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பேராசிரியர் முழங்கால் மண்ணில் பட மண்டியிட்டுத் தன் குடுவைக்கு விசிறிக்கொண்டிருந்தார். அது விதிமீறல் என்று நான் கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து ஆலையிலிருந்து அப்பா வந்தார்.

அவர் கண்ணில் பட்டது இதுதான். இன்னும் புகைந்துகொண்டிருக்கிற புஸ்வாணக் குடுவைகள், ஒரு வரிசை அல்ல, இரண்டு வரிசை. அவற்றின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிற முன்பின் தெரியாத ஒரு பெரியவர். பக்கத்திலேயே கம்பியால் குடுவையைக் குத்திக்கொண்டிருக்கிற தன் சொந்த மகள். அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சைக்கிளை அப்படியே கீழே விட்டார். தொட்டிப் பக்கம் போன வேகத்தைத்தான் பார்த்தோம். ஒரு வாளித் தண்ணீர் என் வரிசை மேல் விழுந்தது. அடுத்த வாளி பேராசிரியர் வரிசை மேலும், பேராசிரியர் மேலும் விழுந்தது. மூன்றாவதாக ஒன்று, சும்மா நின்றுகொண்டிருந்த மாமா மேல் விழுந்தது. அதற்கு இன்றுவரை அப்பா காரணம் சொல்லவில்லை.

புஸ்ஸென்று ஆவி எழுந்து எல்லோரையும் மூடியது. அது விலகியபோது அப்பா வாளியோடு நின்றிருந்தார். "எரிஞ்சு முடிஞ்சதுன்னு நம்பப்படாதுய்யா. தண்ணியில போடாத வரைக்கும் அது உசுரோடதான் இருக்கும். யாரு நீங்க?"

"நான் உங்க மகளோட... சக ஆராய்ச்சியாளர்" என்றார் பேராசிரியர். கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, சார்வாளா? மன்னிச்சுக்கோங்க. முகத்த இம்புட்டுப் பக்கத்துல வச்சிருந்தீகளா, பதறிட்டேன்."

கருவி வைத்திருந்த பெண் நனைந்த குடுவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். "சார், எல்லாமே ஆறிடுச்சு. அடி வரைக்கும்" என்றாள்.

பேராசிரியர் எழுந்து, சட்டையைப் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்டார்: "உங்க அப்பா உங்க கட்சியா?"

அவர் சிரித்து நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் சிரிப்பதற்குச் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, அம்மா சுட்டுப் போட்ட தோசைகளைத் தின்றுகொண்டே அவர் அப்பாவிடம் ஆலையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவும் சொன்னார். எங்கே மணல் வாளி, எங்கே தண்ணீர்த் தொட்டி, மருந்து அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஏன் அவ்வளவு இடைவெளி என்று. தன் வேலையைப் பற்றி அப்பா இவ்வளவு நேரம் யாரோடும் பேசியதில்லை. அவர் வேலையைப் பற்றி நானும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. வேன் கிளம்பும்போது பேராசிரியர் என் கையைப் பிடித்து, "தோசைக்காக ஒரு விரிசலை ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு கூட்டத்தில் அவர் தன் உரையின் கடைசியில் அந்த லேபிளைத் திரையில் போட்டுவிட்டார். என் முகம் சுவரளவுக்கு நின்றது, உதட்டுச் சாயத்தோடு. "சிவகாசி மக்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு இது" என்றார். கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆனது. என் முறை வந்தபோது நானும் அதே படத்தைப் போட்டு, தலைகீழாகத் திருப்பினேன். அம்புக்குறிகள் என் பக்கம் வந்தன. கடல் மேலே வந்தது. எல்லாம் சரியாக இருந்தது, நான் மட்டும் தலைகீழாகத் தொங்கினேன். அதற்கு அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கைதட்டினார்கள் என்பது என் எண்ணம்.

கல் சொன்ன பதில் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. கப்பலில் எடுத்த கற்களை அளந்து முடித்தபோது, சில இடங்களில் ஆழத்திலும் வேகமாக ஆறியிருந்தது, விரிசலில் தண்ணீர் ஓடிய தடமும் இருந்தது. வேறு சில இடங்களில் அப்படி எதுவும் இல்லை, மெதுவாக, தன் பாட்டுக்கு ஆறியிருந்தது. இத்தனையும் நாங்கள் துளையிட்ட ஒரே முகட்டுக்குள்தான். மற்ற முகடுகளில் எப்படியோ. இப்போது நானும் பேராசிரியரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் சண்டை போடுவதால் அதுவும் நகம் வளரும் வேகத்தில்தான் நகர்கிறது.

"சமுத்திர ராணி" நன்றாக விற்றதாம். மாமா போன் செய்து சொன்னார். ஆனால் வடக்கே போன லோடுகளில் ஒரு குழப்பம். ஆரஞ்சு உடுப்பையும் ஹெல்மெட்டையும் ராக்கெட்டையும் பார்த்துவிட்டு அங்கே எல்லோரும் என்னை விண்வெளிக்குப் போய்வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்களாம். ஆர்டர் கொடுப்பவர்கள், அந்த விண்வெளி அம்மா படத்தையே அடுத்த சீசனுக்கும் போடுங்கள், கீழே இருக்கிற அந்த அம்புக்குறிப் படம் மட்டும் என்னவென்று புரியவில்லை, எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

மாமா எடுத்துவிட்டார். புது லேபிளின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இந்த முறை என் அனுமதியைக் கேட்டிருந்தார், அச்சடித்து முடித்த பிறகு. கடல் போய்விட்டது. என் காலுக்குக் கீழே குழி குழியாக நிலா. பெயர் "நிலா ராணி."

உடனே போன் செய்தேன். "மாமா, நான் நிலாவுக்குப் போனதே இல்லையே. இது பொய்யில்லையா?"

"ஏத்தா, கடலுக்குப் போனியே, அந்தக் கல்லு இருக்குற எடத்துக்கு எறங்கிப் போயி பாத்தியா?"

"இல்ல மாமா. அங்க யாரும் போக முடியாது. நாங்க கப்பல்லதான் இருந்தோம். குழாய்தான் கீழ போகும்."

"அப்ப ரெண்டு எடத்துக்கும் நீ போகல. இதுல எது பொய்யி, எது நெசம்னு நாங்க எங்கன கண்டோம்?" என்றார் மாமா. அச்சு இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, "நெலாவுல கலர் கம்மி, அதான் எனக்கு ஒரே கவலை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.